மீமிசல்காரரின் நான்கு விரல்கள்

1

இன்று பொங்கல். இங்கே கனடாவில் காலை எட்டரை மணிக்கும் இருட்டு. குக்கரில் அரிசியையும் பருப்பையும் போட்டுவிட்டு ரேடியோவைத் திருகினேன். வெளியே போகிறவர்கள் உடம்பில் எந்த இடமும் தெரியாமல் மூடிக்கொண்டு போங்கள், திறந்த தோல் சில நிமிடங்களில் உறைந்துவிடும் என்றார்கள். அடுத்து, பள்ளிக்கூடங்களில் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விடமாட்டோம் என்று ஓர் அறிவிப்பு. அதற்கடுத்து நாய் வளர்ப்பவர்களுக்கு: நாய்களை வெளியே கட்டிப்போடாதீர்கள், பாதம் வெடித்துவிடும். அத்தோடு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே குப்பை வண்டி நின்றது. அதன் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தவர் இறங்கி, எங்கள் வீட்டுத் தொட்டியைப் புரட்டிக்கொண்டு போனார். அவருக்கு ரேடியோவில் ஒரு வார்த்தையும் இல்லை. பிள்ளைக்கு உண்டு, நாய்க்கு உண்டு. கூலிக்கு வெளியே நிற்கிறவரைப் பற்றிச் சட்டத்தில் இருப்பது, முதலாளி "தக்க கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்ற ஒரு வரி, அவ்வளவுதான். இத்தனை டிகிரிக்குக் கீழே போனால் ஆளை உள்ளே அனுப்பு என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்களா என்று நான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை அம்மா என்று மிகவும் அன்பாகச் சொன்னார்கள்.

இந்த எரிச்சலோடு போனை எடுத்தால் தங்கை வசந்தி புதுக்கோட்டையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். பனியில் ஒருவர் குல்லாய் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். கனடாவில் மீன் கம்பெனி வேலை, தங்குமிடம் இலவசம். கீழே வசந்தி எழுதியிருந்தாள்: "அக்கா, நம்ம தெருப் பையன் ஒருத்தன் போறானாம். குளிரு எப்படின்னு உன்கிட்டக் கேக்கச் சொன்னான்."

எப்படி என்று சொல்கிறேன். ஒரு போன் காலில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஊரைச் சொன்னால் ஏரி தெரிந்துவிடும், ஏரி தெரிந்தால் கம்பெனி தெரிந்துவிடும். பிறகு எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

சில வருடங்களுக்கு முன்பு, இதே பொங்கலுக்கு முதல் நாள், ஒரு நர்ஸ் வேகமாக வந்து, "உனக்கு இந்தியன் பேசத் தெரியும்தானே?" என்று கேட்டார். இந்தியன் என்று ஒரு பாஷை இல்லை என்று இத்தனை காலத்தில் பல பேருக்குச் சொல்லிக் களைத்துவிட்டேன். "தெரியும்" என்று கிளம்பிப் போனேன்.

கட்டிலில் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். விரல்கள் வீங்கி, அதில் கொப்புளங்கள். சில கொப்புளங்களில் தண்ணீர், சிலவற்றில் கறுத்த ரத்தம். வலது கையின் மூன்று விரல்களின் நுனியும் இடது கையில் ஒரு விரலின் நுனியும் மட்டும் வீங்காமல் மெழுகுபோல் வெளுத்திருந்தன. பக்கத்தில் ரோசா என்கிற பிலிப்பைன்ஸ்காரப் பெண், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவருடன் மீன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள்தான் யாருடைய காரையோ கெஞ்சி வாங்கி, பனி ரோட்டில் அவரைக் கூட்டி வந்திருக்கிறாள்.

"தமிழா நீங்க?" என்றேன்.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. "ஆமாங்க. மீமிசல் பக்கம்ங்க. பேரு கருப்பையா. நீங்க?"

"புதுக்கோட்டை. கீழ ராஜ வீதி."

"நம்ம டிஸ்ட்ரிக்டா!" என்று அந்த நிலையிலும் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "அக்கா, இவங்க என்னமோ கடிச்சிருச்சுன்னு சொல்றாங்க. என்னைய ஒண்ணும் கடிக்கலைங்கக்கா. நாய்கூடக் கெடையாது அங்கிட்டு."

டாக்டர் ஃப்ராஸ்ட்பைட் என்று சொல்லியிருக்கிறார். பைட் மட்டும் இவருக்குப் புரிந்திருக்கிறது. தமிழில் பனிக்கடி என்று எழுதுகிறார்கள். ஆனால் மீமிசலில் யாருக்கு அந்த வார்த்தை எதற்குத் தேவைப்பட்டிருக்கப் போகிறது? "பனிதான் கடிச்சிருக்கு தம்பி" என்றேன். எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது அது.

3

அவர் ஐஸ் போட்டும், டீசல் அடித்தும், வலை பின்னியும் வளர்ந்தவர். கடலில் மீன் குறைந்து, படகைப் பங்குக்காரரிடம் விட்டுவிட்டு, புதுக்கோட்டையில் ஓர் ஏஜென்ட் மூலம் இங்கே வந்தார். கம்பெனிக்குள் மேஜையில் நின்று மீன் அறுத்துச் சுத்தம் செய்யும் வேலை. அதற்குத்தான் அனுமதி. ஒரே ஒரு முதலாளியின் பெயரில் கொடுக்கப்படும் அனுமதி அது. அந்த முதலாளி வேண்டாம் என்றால் விமானம் ஏற வேண்டியதுதான்.

சில மாதங்கள் கம்பெனிக்குள்தான் வேலை. பிறகு முதலாளிக்கு இவர் வலைக்காரர் என்று தெரிந்துவிட்டது. குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும்போது, பனிக்கட்டியில் துளை போட்டு, அதன் அடியில் வலையைச் செலுத்தி மீன் பிடிக்கிறார்கள். அதற்கு ஆள் கிடைக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் கேட்கும் கூலியும் உடுப்பும் கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. கருப்பையாவை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"மொத நா எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சுக்கா" என்று பின்னொரு நாள் சொன்னார். "தண்ணி மேல நடந்து போயி வலை இழுக்குறோம்னு வீட்டுல போன் போட்டுச் சொன்னேன். அவ நம்பல. கிறுக்குப் புடிச்சிருச்சான்னா."

வலை ஈரமாக மேலே வரும். மீன் இரண்டு துள்ளு துள்ளிக் கட்டையாகிவிடும். கண்ணியிலிருந்து மீனைக் கழற்ற கையுறையோடு முடியாது. கையுறையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். வெறும் விரல், தண்ணீர், காற்று. கம்பெனி கொடுத்தது உள்ளே பஞ்சு வைத்த ரப்பர் கையுறை ஒரே ஒரு ஜோடி. அது நனைந்துவிட்டால் அதற்குப் பிறகு கைக்குப் பாதுகாப்பே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று காலை விரல்கள் எரிந்திருக்கின்றன. பனிமேல் போட்டிருந்த கூடாரத்துக்குள் ஓர் அடுப்பு உண்டு. அதில் கைகாட்டியிருக்கிறார். உறைந்தது இளகியபோது உயிர் போகிற வலி. அழுதே விட்டேன் என்றார். அதற்குள் முதலாளியின் மகன், ஹீட்டர் போட்ட வண்டியிலிருந்து கண்ணாடியை இறக்கி, இன்னும் இரண்டு வலை பாக்கி என்று கை காட்டியிருக்கிறான். மறுபடியும் போனார். அதே ஈரக் கையுறை.

இந்தத் தடவை வலி இல்லை. எதுவுமே இல்லை. விரலால் விரலைத் தொட்டால் தெரியவில்லை. பயந்துபோய் அந்தப் பையனிடம் போய்க் கையைக் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "சார், ஹேண்ட் நோ பெயின். நோ பெயின் சார்."

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, "குட்" என்றான்.

இதை ஆஸ்பத்திரியில் நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒரு தடவை உறைந்து இளகிய சதை மறுபடி உறைவதைவிட மோசமானது வேறில்லை என்றார். வலி நின்றுபோவதுதான் கடைசி எச்சரிக்கை. நம் ஊர்க்காரர் அந்த எச்சரிக்கையை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கேட்டவன் அதைப் பாராட்டியிருக்கிறான்.

மரத்துப்போச்சு என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏஜென்ட் ஆபீசில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் "எஸ் சார்", "தேங்க்யூ சார்", "ஐ ஆம் ஹார்ட் வொர்க்கர்". நன்றாகத்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

4

விரலை உடனே எடுக்க மாட்டார்கள். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று சதையே கோடு போட்டுக் காட்டும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கம்பெனி விடுதியில் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. வேலை செய்யாதவருக்குத் தங்குமிடம் கிடையாதாம். அதனால் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்தார்.

என் கணவருக்கு முதலில் இஷ்டமில்லை. "நமக்கெதுக்கு இந்த வம்பு? கேஸு கீஸுன்னு வந்தா யாரு அலையுறது?" என்றார். அப்படிச் சொன்னவர்தான் ஒவ்வொரு வாரமும் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போய், கட்டு மாற்றும்வரை வெளியே காத்திருந்தார்.

என் மகள் பெயர் கயல். பள்ளியில் கைல் என்று ஆண்பிள்ளையாக்கிவிட்டார்கள். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள். தமிழ் அவளுக்குக் காதில் இருக்கிறது, வாயில் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீடு இப்படித்தான் பல வருடமாக ஓடுகிறது. கருப்பையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் அந்த மாதங்களில் அவள் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. காலையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். அவர் கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் கேட்டாள்: "அங்கிள், உங்க விரல் எப்போ திரும்பி வரும்?"

விரலில் உணர்ச்சி எப்போது வரும் என்று கேட்க நினைத்திருக்கிறாள். நான் பதறிப்போனேன். அவர் சிரித்தார். "நண்டுக்குத்தான் பாப்பா திரும்ப மொளைக்கும்" என்றார். அவளுக்கு நண்டு புரியவில்லை. புரிந்ததும் அழுதாள்.

"ஏன் நோ சொல்லலை?" என்று விடாமல் கேட்டாள்.

"சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்கள்ல பாப்பா."

அவள் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கத்தினாள், ஏதோ அந்த முதலாளி நான்தான் என்பதுபோல. இது சட்டவிரோதம், எல்லாரும் ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று. எனக்குக் கோபம் வரவில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது கேள்வி. அனுமதியோடு வந்தவருக்கு அது சோறு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை கடல் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

பங்குனி வாக்கில் விரல்கள் கரிக்கட்டைபோல் காய்ந்து நின்றன. வலது கையில் மூன்று, இடது கையில் ஒன்று. எடுத்தார்கள்.

5

வேலையில் காயம்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க இங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. போன் போட்டால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும். முக்கியமான அழைப்பை எடுக்கத்தான் ஆள் இருக்காது.

ஆள் கிடைத்தபோது முதல் கேள்வி: "இவர் பதப்படுத்தும் தொழிலாளி அல்லவா? ஏரிக்கு ஏன் போனார்?"

முதலாளி ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார். அவன் மீனவன், ஊர் ஞாபகம் வந்து ஆசைப்பட்டுத் தானாகப் போனான், நாங்கள் அனுப்பவில்லை என்று. எவ்வளவு அழகான பொய்! மைனஸ் முப்பது டிகிரியில், ஊர் ஞாபகம் வந்து, ஆசையாய் விரலைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. முதலாளிதான் அனுப்பினார் என்று சொன்னால், அனுமதியில் இல்லாத வேலையைச் செய்ததாகக் கருப்பையாவே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு விசா ஆலோசகர் எச்சரித்தார். வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். இங்கிருக்கும் நம் ஆட்கள் சிலரும் வந்து புத்தி சொன்னார்கள். "விடுங்க. பெருசாக்குனா நம்ம ஆளுங்கள இனிமே எடுக்கமாட்டான்" என்றார்கள். நம் ஆளின் விரலைவிட நம் ஆட்களின் பெயர் பெரிதாகப் போய்விட்டது.

விசாரணை ஸ்பீக்கர் போனில் நடந்தது. அவர் என் வீட்டில் தங்கியிருப்பதால் நான் மொழிபெயர்க்கக் கூடாதாம். வேறு எங்கிருந்தோ அலுவலக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இணைப்பில் வந்தார். இங்கேயே வளர்ந்த இளைஞர் போலிருக்கிறது. கருப்பையா, "கையி மரத்துப்போச்சுங்க" என்றார். அந்த இளைஞர் அதை, கை மரமாகிவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னார்.

"மரமா?" என்றார் அதிகாரி. "மரம் தூக்கும் வேலையும் செய்தாரா?"

நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து, உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம், மரமில்லை, மரமில்லை என்று கத்தினேன். மூன்றாம் நபர் குறுக்கிட்டால் விசாரணையை நிறுத்திவிடுவோம் என்றார் அதிகாரி, குரல் உயராமல்.

அன்று காப்பாற்றியது ரோசாதான். அவளும் அதே முதலாளியிடம், அதே மாதிரி அனுமதியில் இருப்பவள். பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவள். எதிர்பார்க்கவே இல்லை, சாட்சி சொல்கிறேன் என்று இணைப்பில் வந்தாள். தினமும் காலையில் முதலாளியே பெயர் சொல்லிக் கூப்பிட்டு இவரை வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன் என்றாள். வேண்டாம் என்று ஒரு நாள் இவர் தலையாட்டியதற்கு முதலாளி விமானம்போல் கையை விரித்துக் காட்டியதையும் சொன்னாள்.

இழப்பீடு கிடைத்தது. ரோசாவுக்கு வேலை போனது. அவள் வேறு ஊரில் வேறு முதலாளியைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கதை. முதலாளிக்கு? எனக்குத் தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி நடக்கிறது. ஏரி ஒவ்வொரு மார்கழியும் உறைகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேனரில் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

6

போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இழப்பீடு வந்ததும் ஊர் திரும்பிவிட்ட கருப்பையாவைப் பார்க்க மீமிசலுக்குப் போனேன். மீன் ஏலம் விடும் இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வலை இழுக்க முடியாது. ஏலம் விடத் தொண்டை போதும். அவருடைய மனைவி சித்ரா கூடைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அங்கே எல்லாக் கூடையிலும் ஐஸ். கருப்பையா மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐஸு பட்டா போதும்க்கா, இல்லாத வெரலும் சேந்து வலிக்கிது" என்றார்.

"ஐஸைத் தொடாத மீன்காரரு எங்க வீட்டுலதாங்க இருக்காரு" என்றார் சித்ரா, சிரிக்காமல்.

மறுநாள் அவரே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார். "அந்த ஏஜென்டப் பாக்கணும்க்கா. நீங்க கூட வாங்க. தனியாப் போனா வெரட்டிருவான்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் ஆபீஸ். ரோட்டைப் பார்த்த கண்ணாடிச் சுவர், கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர், திருமயம் பக்கத்திலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் வந்தவர்கள். ஒரு சின்னப் பெண் கணவரோடு உட்கார்ந்திருந்தார். ஏஜென்ட் எங்களைப் பார்த்ததும் எழுந்துவந்தார்.

"அண்ணே வாங்க வாங்க! எப்படி இருக்கீங்க? காப்பி சொல்லவா?"

"காப்பி வேணாம். இவங்களையும் அந்தக் கம்பெனிக்குத்தான் அனுப்புறீங்களா?"

"உள்ள வாங்கண்ணே, தனியாப் பேசுவோம்."

"இங்கிட்டே பேசுவோம்" என்று கருப்பையா வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏஜென்ட் முகம் மாறாமல், "உங்களுக்கு நேரம் சரியில்லண்ணே. அதுக்கு யாரு என்ன பண்றது? போன எத்தனையோ பேரு நல்லா இருக்காங்க. கையக் கீழ எடுங்கண்ணே, லேடீஸ் பயப்படுறாங்க" என்றார்.

"பயப்படட்டும்" என்றார் கருப்பையா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு ஒரே ஒரு ஜோடி கையுறை குடுத்தான். வேலை கம்பெனிக்கு உள்ளதான்னு நீங்க சொன்னீங்க. என்னைய ஏரிக்கு அனுப்புனான். நான் ஒங்களுக்குப் போன் போட்டேன். அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னு சொன்னீங்களா இல்லையா?"

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். "மேடம், படிச்சவங்க நீங்க. நீங்க மட்டும் அங்க செட்டில் ஆகலாம், இந்தப் பசங்க போகக்கூடாதா?"

அது சுட்டது. போகக்கூடாது என்று யார் சொன்னது? போகட்டும். குளிரைத் தாங்கும் உடுப்போடு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு, வேறு முதலாளியிடம் மாறும் அனுமதியோடு போகட்டும். அதைச் சொன்னேன். "அதெல்லாம் கவர்மென்ட் பாலிசி மேடம்" என்று அவர் திரும்பிக்கொண்டார்.

கருப்பையாவின் முகம் வெளுத்திருந்தது. கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டார். ஏசிக்காற்று நேராக அவர்மேல் அடித்துக்கொண்டிருந்தது. "வெளிய போயிருவோம்க்கா, தாங்கல" என்றார்.

கீழே இறங்கி ரோட்டோரம் நின்றோம். உச்சி வெயில். அவர் இரண்டு கைகளையும் வெயிலில் நீட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்தவர்களில் மூன்று பேர் இறங்கி வந்தார்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர், என்ன உடுப்பு என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு பையன், "நாம வேற கம்பெனி கேப்போம்டா" என்று இன்னொருவனிடம் சொல்லிவிட்டு மறுபடி மாடி ஏறிப் போனான். ஏஜென்ட் படியில் நின்று, "வெயிலா இருக்கு, உள்ள வாங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக அந்தச் சின்னப் பெண் வந்தார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கருப்பையாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டாரு. இனி கிழிக்க முடியுமா?"

"முடியும் தாயி" என்றார் கருப்பையா. "வெரலு இருக்கையிலயே கிழிச்சிருங்க."

அந்தப் பெண் திரும்பிப் படியேறினார். ஏஜென்ட் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. ரோட்டிலிருந்து அந்தக் கண்ணாடிச் சுவர் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. அவர் தன் கணவரின் தோளைப் பிடித்து, நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார்.